ஒரே பெஞ்சு, இரண்டு சிக்கல்: குமரி மேற்கில் ஓர் ஐந்தாம் வகுப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மார்த்தாண்டத்துக்கும் தேங்காய்ப்பட்டணம் கடற்கரைக்கும் நடுவே இருக்கிற ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் குறைவு, பெண்ணும் பையனும் ஒரே பெஞ்சில்தான் உட்காருவார்கள். அப்படி ஒரு பெஞ்சில் இருந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றியது இந்த ஆய்வு. இரண்டு பேருமே தமிழில் பின்தங்கியவர்கள் என்று எனக்குச் சொல்லப்பட்டது. இரண்டு பேருக்கும் முந்தைய ஆண்டு கொடுத்திருந்த பயிற்சியும் ஒன்றே: பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது, பார்த்து எழுதுவது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு எதில் தடை இருந்ததோ அது பையனுக்குச் சுலபமாக வந்தது. பையன் திணறிய இடத்தை அவள் ஓடிக் கடந்தாள். கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று நான்கு திறன்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு பிள்ளைக்கு அந்த நான்கில் எது அறுந்திருக்கிறது என்று பார்க்காமல் பயிற்சி கொடுத்தால் என்ன ஆகும், பார்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லப் போவதில்லை.

பின்னணி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். தமிழ்நாட்டிலேயே அதுதான் அதிகம். அந்தக் கணக்கெடுப்பு எழுத்தறிவு என்று எதைச் சொல்கிறது என்றால், ஏழு வயதுக்கு மேற்பட்ட ஒருவர் ஏதாவது ஒரு மொழியில் புரிதலோடு எழுதவும் படிக்கவும் தெரிந்திருப்பதை. ‘புரிதலோடு’ என்ற அந்த ஒரு சொல்லை வகுப்பறையில் நாம் அவ்வளவாகச் சோதிப்பதில்லை. குரல் எடுத்து வாசித்துவிட்டால் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்று எழுதிவிடுகிறோம்.

எங்கள் பகுதி 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதுவரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலம். களியக்காவிளை தாண்டினால் இன்றைக்கும் கேரளம்தான். இந்தப் பக்கம் மலையாள வழிப் பள்ளிகளும் உண்டு. பிள்ளைகள் குடிதண்ணீரை வெள்ளம் என்பார்கள், பூனையைப் பூச்சை என்பார்கள். கடற்கரைப் பிள்ளையின் பேச்சு ஒரு மாதிரி, ரப்பர் தோட்டத்துப் பக்கத்துப் பிள்ளையின் பேச்சு இன்னொரு மாதிரி. இவர்கள் எல்லாருக்கும் பொதுவாக இருப்பது, வீட்டில் யாரும் பேசாத ஒரு தமிழ் பாடநூலில் இருக்கிறது என்பதுதான். ஒரே மொழிக்குள் பேச்சு வழக்கு ஒன்று, எழுத்து வழக்கு ஒன்று என்று இரண்டு தனித்தனியாக வாழ்வதை மொழியியலாளர் சார்ல்ஸ் பெர்குசன் 1959இல் விரித்து எழுதினார். தமிழில் இதை இரட்டை வழக்கு என்கிறோம். தமிழ்நாடு முழுக்க உள்ளதுதான் என்றாலும், எங்கள் ஊர்ப் பேச்சுக்கும் பாடநூலுக்கும் இடையே உள்ள தூரம் கொஞ்சம் கூடுதல்.

அந்தப் பெண்

மீனவக் குடும்பம். அப்பா ஆழ்கடல் விசைப்படகில் போகிறவர். போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார். அம்மா மீன் விற்கிறார். ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழிதான். வாசிப்பு அருமை. தடங்கல் இல்லை, குரலில் நடுக்கம் இல்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்க அவளைத்தான் நிறுத்துவார்கள். ஆனாலும் தேர்வில் மதிப்பெண் குறைவு. "படிக்கிறாள், மனசு வைக்கிறதில்லை" என்பதுதான் அவளைப் பற்றி எல்லாரும் சொன்னது. அவள் அம்மாவுக்கும் புரியவில்லை. "எம் பிள்ள நல்லாத்தானே வாசிக்கா டீச்சர், பெறகு ஏன் மார்க் வரல்ல?" என்று என்னிடமே கேட்டார்.

விடைத்தாள்களை எடுத்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. பத்தியைக் கொடுத்துக் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அவள் சரியான விடை எழுதியிருந்தாள். எல்லாமே பத்தியில் இருந்த வரியை அப்படியே எடுத்து எழுதியவை. கேள்வியில் உள்ள ஒரு சொல்லைப் பத்தியில் தேடுவாள். அது எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரியை எழுதிவிடுவாள். கேள்வியில் அந்தச் சொல் இல்லாவிட்டால் விடை இல்லை. பத்தியைப் புரிந்துகொள்ளாமலேயே பாதி மதிப்பெண் வாங்க நம் கேள்விகள் வழி விடுகின்றன. அவள் கெட்டிக்காரி என்பதால் அந்த வழியைத் தானாகவே கண்டுபிடித்திருக்கிறாள்.

அந்தப் பையன்

அப்பாவும் அம்மாவும் கொல்லம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலையில் இருந்தவர்கள். மூன்றாம் வகுப்பு வரை அங்கே மலையாள வழியில் படித்தான். வீட்டுப் பேச்சு தமிழ். பிறகு தாத்தா வீட்டுக்கு வந்து எங்கள் பள்ளியில் சேர்ந்தான். தமிழ் எழுத்துகள் எல்லாம் தெரியும். ஆனால் ஒரு வரியை வாசித்து முடிக்க நேரம் எடுக்கும். எழுத்து எழுத்தாக உச்சரித்து, சொல்லின் கடைசிக்கு வரும்போது தொடக்கம் மறந்துவிடும். வாயைத் திறக்கவே கூச்சம். தாத்தா என்னைப் பார்த்ததும் சொன்னது இது: "டீச்சரே, அந்த மலையாளம்தான் இவனக் கொழப்புது. அத மொதல்ல மறக்கடிச்சிருங்க."

சோதனை

பிலிப் கோ, வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986இல் வாசிப்பைப் பற்றி ஒரு எளிய பார்வையை முன்வைத்தார்கள். படித்துப் புரிந்துகொள்வது இரண்டு திறன்களின் பெருக்கல். ஒன்று, எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறன். இன்னொன்று, அதே மொழியைக் காதால் கேட்டால் புரிந்துகொள்ளும் திறன். பெருக்கல் என்பதால் ஏதாவது ஒன்று சுழி என்றால் விடையும் சுழிதான். மற்றது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஈடு கட்டாது. வாசிப்புக்கு இது மட்டுமே போதுமா என்று பின்னால் வந்தவர்கள் நிறைய விவாதித்திருக்கிறார்கள். ஆனால் வகுப்பில் நிற்கிற ஆசிரியருக்கு இது தருகிற உதவி பெரியது, ஏனென்றால் இதைப் பத்து நிமிடத்தில் சோதித்துவிடலாம்.

நான் செய்தது இதுதான். ஒரே கடினத்தில் சிறு சிறு பத்திகளாக எழுதிக்கொண்டேன். பாடநூலில் இல்லாதவை, ஆனால் பாடநூல் நடையில் உள்ளவை. முதலில் பிள்ளை தானாக ஒரு பத்தியை வாசித்துவிட்டு, அதில் என்ன இருக்கிறது என்று தன் பேச்சில் சொல்ல வேண்டும். அடுத்து, இன்னொரு பத்தியை நான் வாசிப்பேன். பிள்ளை கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும். கடைசியில், பிள்ளைக்குப் புரியாமல் போன பத்தியின் செய்தியை எங்கள் ஊர்ப் பேச்சில் நான் சொல்வேன். கேள்விகளில் பத்தியின் சொற்கள் வராதபடி பார்த்துக்கொண்டேன்.

ஒரு பத்தி இப்படித் தொடங்கியது: "அவ்வாண்டு மழை பொய்த்ததனால் குளங்கள் வறண்டன. எனினும், ஊரார் மனம் தளரவில்லை. கால்வாயைத் தூர்வாரிக் காத்திருந்தனர்."

அந்தப் பெண் மூச்சு விடாமல் வாசித்து முடித்தாள். என்ன மக்கா இருக்கு இதுல என்று கேட்டேன். "கால்வாயைத் தூர்வாரிக் காத்திருந்தனர்" என்று கடைசி வரியைத் திருப்பிச் சொன்னாள். மழைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டபோது, யோசித்துவிட்டு, "மழ வரும்னு யாரோ பொய் சொன்னாவ" என்றாள். ‘எனினும்’ என்றால் ‘எனக்கும்’ என்று நினைத்திருந்தாள். சரி, வாசிக்கும் அவசரத்தில் விட்டிருப்பாளோ என்று, அடுத்த பத்தியை நானே நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினேன். அதிலும் அதே நிலை. பிறகு இரண்டின் செய்தியையும் ஊர்ப் பேச்சில் சொன்னதும் எல்லாம் பளிச்சென்று புரிந்தது. நான் கேட்காத கேள்வியை அவள் கேட்டாள். "கொளம் வத்திச்சின்னா மீனெல்லாம் என்ன ஆகும் டீச்சர்?"

பையன் முதல் பத்தியை வாசித்து முடிப்பதற்குள் வியர்த்துவிட்டான். ‘பகல்’ என்பதை நடுவில் வல்லினம் போட்டு, க-வுக்கு அழுத்தம் கொடுத்து வாசித்தான். ‘தங்கம்’ என்ற சொல்லிலும் அப்படியே. முடித்தபோது என்ன வாசித்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. நான் வாசித்த பத்திக்கு வந்தபோது ஆளே வேறு. மழை, குளம், கால்வாய் எல்லாவற்றையும் சொன்னான். மழையே இல்லாதபோது ஏன் தூர்வாரினார்கள் என்று கேட்டேன். பத்தியில் அதற்கு நேரடி விடை இல்லை. "சானல இப்பவே தூர் வாரி வச்சாத்தான, மழ பெய்யும்போ வெள்ளம் கொளத்துக்கு ஓடும்" என்றான். எழுத்து வழக்கு இவனுக்கு எங்கிருந்து வந்தது? விசாரித்தால், தாத்தா வீட்டில் தினமும் குடும்ப ஜெபம் உண்டு; வேதாகமத்தில் ஒரு பகுதியை உரக்க வாசிப்பார்கள், முடிந்ததும் பாட்டி விளக்கம் சொல்வார். காலையில் தாத்தா செய்தித்தாளைச் சத்தமாக வாசிக்கிற பழக்கமும் உண்டு. கொல்லத்தில் இருந்தபோதும் அவன் வீட்டில் அந்த ஜெபம் நின்றதில்லை.

ஆக, பெண்ணுக்கு எழுத்து ஓடுகிறது, எழுத்து வழக்கின் மொழி உள்ளே இல்லை. பையனுக்கு மொழி உள்ளே இருக்கிறது, எழுத்து ஓடவில்லை. இருவரையும் பார்த்து எழுதச் சொன்னால் பெண்ணின் கையெழுத்து அழகாகும், பையனின் கை வலிக்கும். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது.

பெண்ணுக்குச் செய்தவை

முதலில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அவளுக்கு மொழி வளம் குறைவு என்று யாராவது சொன்னால் அது தவறு. கரமடி என்ற பெரிய வலையைக் கரையில் நின்று இழுப்பதை அவள் விவரித்ததைக் கேட்டிருக்கிறேன். எத்தனை பேர் எந்தக் கரையில் நிற்பார்கள், மடி கரையை நெருங்கும்போது யார் சத்தம் கொடுப்பார், நெத்தோலி கிடந்தால் என்ன, சாளை கிடந்தால் என்ன, ஏலத்தில் விலை ஏன் சரிந்தது என்று ஒரு பெரிய மனுஷியைப் போலச் சொல்வாள். ஜிம் கம்மின்ஸ் 1979இல் ஒரு வேறுபாட்டைச் சொன்னார். அன்றாடப் பேச்சில் புழங்கும் மொழித்திறன் ஒன்று, பாடங்களைக் கற்கத் தேவைப்படும் மொழித்திறன் இன்னொன்று. முதலாவது நன்றாக இருப்பதாலேயே இரண்டாவது வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புலம்பெயர்ந்து வேறு மொழியில் படிக்கும் பிள்ளைகளை வைத்து அவர் எழுதினார். தாய்மொழியிலேயே படிக்கும் எங்கள் கடற்கரைப் பிள்ளைக்கும் அது பொருந்துகிறது.

அவளுக்குத் தேவைப்பட்டது காது வழியாக எழுத்துத் தமிழ். தினமும் தமிழ் வகுப்பின் தொடக்கத்தில் முழு வகுப்புக்கும் நான் வாசித்துக் காட்ட ஆரம்பித்தேன். பிள்ளைகள் புத்தகத்தை மூடி வைக்க வேண்டும். பாட்டுகளை வைத்துச் செய்யவில்லை. தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் பாடல்களை எங்கள் பிள்ளைகள் சின்ன வகுப்பிலேயே தலைகீழாகச் சொல்வார்கள். மனப்பாடம் ஆகிவிட்ட பாட்டில் பொருள் புரிகிறதா என்று கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் உரைநடையை எடுத்துக்கொண்டேன். முதல் வாரங்களில் கதையின் சுருக்கத்தை ஊர்ப் பேச்சில் முதலில் சொல்லிவிட்டு, பிறகு எழுத்து நடையில் வாசித்தேன். என்ன நடக்கிறது என்று முன்பே தெரிந்திருந்தால், புதிய வடிவங்களுக்குக் காது தானாகப் பழகும். அப்புறம் அந்த முன்கதைச் சுருக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன்.

நன்னூலில் பவணந்தி முனிவர் பாடம் கேட்கும் முறையைச் சொல்லும்போது, ஒரு நூலை இரண்டு முறை கேட்டால் பிழை பெருகாது, மூன்று முறை கேட்டால் முறை அறிந்து சொல்லலாம் என்கிறார். ‘பாடம் கேட்டல்’ என்ற வழக்கே நம்மிடம் இருக்கிறது. பத்தியை மூன்று முறை வாசித்துக் காட்டியபோது இது எவ்வளவு உண்மை என்று கண்ணால் பார்த்தேன். முதல் முறை கதை கிடைக்கும். இரண்டாம் முறையில், ‘எனினும்’ வந்தால் இனி வருவது முன்னால் சொன்னதற்கு மாறாக இருக்கும் என்று பிள்ளைகள் எதிர்பார்க்கத் தொடங்குவார்கள். மூன்றாம் முறையில் நான் பாதி வாக்கியத்தில் நிறுத்தினால் அவர்களே முடிப்பார்கள்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதும் முக்கியம். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளைக் கவனித்துச் சொன்னது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள், அதை மூன்று நொடிக்கு நீட்டினாலே பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள். மூன்று நொடி கேட்கச் சின்னதுதான். ஐந்தாம் வகுப்பின் இரைச்சலில், மணி அடிக்கப் போகிற நேரத்தில், அந்த மூன்று நொடியைப் பிடித்து வைப்பது சுலபமில்லை.

கேட்பது மட்டும் போதாது. கனடாவில் பிரெஞ்சு வழியில் படித்த ஆங்கிலக் குழந்தைகளைப் பார்த்து மெரில் ஸ்வெயின் 1985இல் எழுதியது நினைவுக்கு வருகிறது. ஆண்டுக்கணக்கில் கேட்டும் படித்தும் வந்த அந்தப் பிள்ளைகளுக்கு நன்றாகப் புரிந்தது. சொல்லவும் எழுதவும் வரும்போது தடுமாறினார்கள். தானாக உருவாக்கிப் பார்க்கும்போதுதான் தனக்கு எது தெரியவில்லை என்று பிள்ளைக்குத் தெரிகிறது. அதனால் அவளுடைய கரமடிக் கதையையே எடுத்தேன். அவள் சொல்லச் சொல்ல, அவள் பேச்சிலேயே கரும்பலகையில் எழுதினேன். ஒரு எழுத்தும் திருத்தவில்லை. "அவிய கயித்தப் புடிச்சு இழுத்தாவ" என்பது பலகையில் அப்படியே வந்தது. வகுப்பு சிரித்தது, பிறகு கவனித்தது. அடுத்து, இதைப் பாடநூலில் போடுவதாக இருந்தால் எப்படி எழுதுவார்கள் என்று கேட்டேன். "அவர்கள் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள்" என்று ஒருவன் சொன்னான். "இழுத்தனர்" என்றாள் இன்னொருத்தி. ‘ஆனா’ என்று அவள் சொன்ன இடத்தில் ‘எனினும்’ போடலாமா என்று அவளே கேட்டாள். இரண்டு வடிவமும் பக்கத்துப் பக்கத்தில் பலகையில் இருந்தன. எது உயர்ந்தது என்ற பேச்சே வரவில்லை.

அன்றைக்குத் தன் கதையின் எழுத்து வடிவத்தை அவள் வாசித்தபோது, இத்தனை நாள் நான் கேட்டிராத ஒன்றைக் கேட்டேன். பொருள் முடிகிற இடத்தில் நிறுத்தினாள்.

பையனுக்குச் செய்தவை

தாத்தாவின் கோரிக்கையை நான் ஏற்கவில்லை. மலையாளத்தில் படிக்கக் கற்ற பிள்ளை வாசிப்பு என்றால் என்ன என்பதைக் கற்றுவிட்டான். அதை இரண்டாம் முறை கற்க வேண்டியதில்லை. ஒரு மொழியில் பெற்ற படிப்புத் திறன் அடுத்த மொழிக்கும் கைகொடுக்கும் என்று கம்மின்ஸ் சொல்வதும் இதுதான். அவனுக்குக் கொம்பு, துணைக்கால் எல்லாம் புதிதல்ல. எழுத்துக்கு இடப்பக்கம் கொம்பு போடுவது மலையாளத்திலும் உண்டு. ர, ற வேறுபாட்டில் அவன் தவறுவதே இல்லை. ல, ள, ழ மூன்றையும் பிரித்துச் சொல்வான். வகுப்பில் மற்ற பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள் இவை. எல்லாருக்கும் கொடுத்த பயிற்சித்தாளில் பாதி அவனுக்குத் தேவையே இல்லாதது.

அவன் தடுக்கி விழும் இடம் வேறு. மலையாளத்தில் க வரிசையில் நான்கு எழுத்துகள்; ஒவ்வொன்றுக்கும் தனி ஒலி. தமிழில் ஒரே க. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும் இடத்திலும் வல்லொலி, மெல்லினத்தை அடுத்து வந்தால் வேறு ஒலி, இரண்டு உயிருக்கு நடுவே வந்தால் இன்னும் மென்மை. ச, ட, த, ப எல்லாவற்றிலும் இதே போன்ற மாற்றம் உண்டு. ஒரு எழுத்துக்கு ஒரு ஒலி என்று பழகியவன், ‘தங்கம்’ என்பதில் க-வை வல்லொலியாகவே வாசிக்கிறான். அப்படி வாசித்தால் வருகிற ஒலி, அவன் பேசுகிற எந்தச் சொல்லோடும் ஒட்டாது. அதனால் பொருள் பிடிபடாமல் போகிறது.

விதியை மனப்பாடம் செய்ய வைக்கவில்லை. அவனுக்குப் பேச்சில் தெரிந்த சொற்களை மட்டும் முதலில் கொடுத்தேன்: மகன், தங்கை, பாட்டு, தம்பி, கடல், சக்கை. "எழுத்த வாசிச்சிட்டு, இப்படி ஒரு வார்த்த நாம பேசுவோமான்னு யோசி. பேசுற மாதிரியே திருப்பிச் சொல்லு" என்றேன். அவன் காதில் இருந்த தமிழே அவன் வாசிப்பைத் திருத்தியது. கொஞ்ச நாளில் விதி அவனுக்குத் தானாக அமைந்துவிட்டது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது, வாசிக்க வந்தது.

வேகத்துக்குத் திரும்ப வாசித்தல். ஜே சாமுவெல்ஸ் 1979இல் விளக்கிய முறை அது. சிறு பத்தி ஒன்றைச் சரளம் வரும்வரை திரும்ப வாசிப்பது, பிறகு அடுத்த பத்திக்குப் போவது. ஒவ்வொரு எழுத்துக்கும் மனதைச் செலவழித்துக்கொண்டிருந்தால் பொருளுக்கு மனம் மிஞ்சாது என்பது அதன் அடிப்படை. நான் ஒரு வரி, அவன் ஒரு வரி. பிறகு இருவரும் சேர்ந்து. பிறகு அவன் தனியாக. முந்தைய ஆண்டு சொன்ன திரும்பத் திரும்ப வாசிப்பும் இதுவும் பெயரில் ஒன்றுபோலத் தோன்றலாம். அங்கே பாடம் முழுவதையும் பிழையோடு பல முறை வாசித்தான். இங்கே ஒரு கை வரிகளைப் பிழை நீங்கும்வரை வாசித்தான்.

எழுதும்போது ந, ன தகராறு நிறைய இருந்தது. மலையாளத்தில் இரண்டு ஒலிக்கும் சேர்த்து ஒரே எழுத்து. சொல்லின் கடைசியில் வரும்போது தனி வடிவம். அவன் ‘மநம்’ என்று எழுதுவதில் வியப்பில்லை. சொல் முதலில் ந, த-வுக்கு முன்னால் ந், மற்ற இடங்களில் ன என்று ஒரு வரியில் சொல்லிக் கொடுத்தேன். செந்நிறம், முந்நூறு போன்றவை பின்னால் வந்தபோது பார்த்துக்கொண்டோம்.

நம் எழுத்து முறையைக் கற்பதற்கே நாள் எடுக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், மொத்தம் 247. கன்னடப் பிள்ளைகளிடம் சோனாலி நாக் செய்த ஆய்வுகள், இந்திய எழுத்து முறைகளில் எல்லா எழுத்துகளையும் அறிந்து முடிப்பது தொடக்க வகுப்புகளைத் தாண்டியும் நீளும் என்று காட்டியிருக்கின்றன. ஐந்தாம் வகுப்பில் ஒருவன் எழுத்துக் கூட்டுகிறான் என்றால் அவன் மந்தம் என்று முடிவு கட்டுவது அநியாயம்.

சேர்ந்து வாசித்தது

ஒருத்திக்கு வேகம் உண்டு, ஒருவனுக்குப் பொருள் தெரியும். ஏற்கெனவே ஒரே பெஞ்சு. இணைத்துவிட்டேன். ஆசிரியர் சொல்வதில் கால் பங்குதான் மாணவனுக்குச் சேரும், உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால், மீதி அரை பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது என்று நன்னூல் கணக்குப் போடுகிறது. சென்னை எழும்பூரில் ஆண்ட்ரூ பெல் 1789இல் ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லப் பொறுப்பை ஏற்றபின், பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை நடத்தி, அது மெட்ராஸ் முறை என்ற பெயரோடு இங்கிலாந்துக்குப் போனது. மணலில் எழுதிப் பழகும் வழக்கத்தை அவர் இங்குள்ள பள்ளிகளைப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டார்.

இணைத்ததில் பையனுக்குப் பலன் அதிகம். அவள் வாசிக்க, விரலை வரியில் ஓட்டிக்கொண்டே கூட வாசித்தான். அவளுக்கு அவ்வளவு பலன் இல்லை. வாசிக்கத் திணறுகிறவன் தனக்குப் பொருள் சொல்வது அவளுக்குப் பிடிக்கவில்லை. அவனும் ஒரு சொல்லில் பதிலை முடித்துவிடுவான். அனமேரி பாலின்சார், ஆன் பிரவுன் இருவரும் 1984இல் சோதித்துக் காட்டிய பரிமாற்றக் கற்பித்தல் முறை அதன் பிறகு உதவியது. நான்கு பேர் குழு. அடுத்து என்ன வரும் என்று ஒருவர் ஊகிக்க வேண்டும், ஒருவர் கேள்வி கேட்க வேண்டும், ஒருவர் புரியாத இடத்தைத் தெளிவாக்க வேண்டும், ஒருவர் சுருக்கிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பத்திக்கும் வேலை மாறும். நான் அவளை அடிக்கடி ‘புரியாத இடத்தைக் கண்டுபிடிக்கிறவள்’ ஆக்கினேன். புரியாததைச் சொல்வது அங்கே அவளுடைய வேலை, வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாறியதும் மாறாததும்

ஆண்டு முடிவில் அதே வகையான சோதனையைப் புதிய பத்திகளோடு செய்தேன். பையன் நிறுத்தாமல் வாசித்தான். வகுப்பின் சராசரி வேகத்தைவிடக் குறைவுதான். ஆனால் முடித்தபோது என்ன வாசித்தோம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தாத்தா செய்தித்தாளை இப்போது அவனிடம் கொடுக்கிறாராம்.

அந்தப் பெண்ணின் வாசிப்பு வேகம் குறைந்துவிட்டது. சக ஆசிரியர் ஒருவர் கவலையோடு வந்து சொன்னார், "பிள்ள முன்ன நல்லா வாசிப்பா, இப்ப நிறுத்தி நிறுத்தி வாசிக்கா" என்று. எனக்கு அது மிகுந்த மகிழ்ச்சி தந்த செய்தி. அவள் நிறுத்துகிற இடங்களைப் பாருங்கள் என்று அவரையே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். வாக்கியத்தின் நடுவே நின்று, பின்னால் போய், மறுபடி வாசித்து, "டீச்சர், இந்த எடம் புரியல்ல" என்றாள். முன்பு அவளுக்குப் புரியாத இடம் என்று ஒன்று இருந்ததே இல்லை. எல்லாம் ஒரே சத்தமாக ஓடிப்போயிற்று. ஒன்றிய அரசு 2021இல் தொடங்கிய நிபுண் பாரத் என்ற அடிப்படை எழுத்தறிவுத் திட்டம் மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொற்களைப் பொருளோடு வாசிக்க வேண்டும் என்று இலக்கு வைக்கிறது. எண்ணுவது சுலபம் என்பதால் 60 மட்டும் நினைவில் நிற்கிறது, ‘பொருளோடு’ நழுவிவிடுகிறது. தமிழில் ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பதும் ஒரு சொல்தான், ‘பசு’ என்பதும் ஒரு சொல்தான். சொல் எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நம் பிள்ளைகளை அளக்கும்போது மிகுந்த கவனம் வேண்டும்.

தமிழ்நாட்டில் 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைப்படுத்திக் கற்பிக்கிறது. எல்லாருக்கும் ஒரே பாடம் என்ற பழைய வழக்கத்தை அது உடைத்தது நல்ல காரியம். ஆனால் நிலை தெரிந்தபின், அந்த நிலையில் பிள்ளை நிற்பதற்கான காரணத்தையும் தேட வேண்டியிருக்கிறது. என் இரண்டு பிள்ளைகளும் ஒரே நிலைக்குள் வந்திருக்கக் கூடியவர்கள்.

இரண்டு பேரை வைத்து எழுதியது இது. எல்லாப் பள்ளிக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். தீராதவையும் இருக்கின்றன. பையன் வேகமாக எழுதும்போது ந, ன மறுபடி மாறுகின்றன. பெண் கதைகளைப் புரிந்துகொள்கிறாள், ஆனால் அறிவியல் பாடத்தில் ‘ஆவியாதல்’, ‘ஒளிச்சேர்க்கை’ என்று பெயர்களாக அடுக்கி வரும் வாக்கியங்களில் பழையபடி சத்தம் மட்டும் ஓடுகிறது. எழுதும்போது தொடக்கம் எழுத்து வழக்கில் இருக்கும், வினைமுற்று பேச்சில் முடியும். இருவரும் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். அங்கே அறிவியல் எடுக்கும் ஆசிரியையிடம் பேசியிருக்கிறேன். பாடத்தைத் தொடங்குமுன் அந்தப் பக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டி, ஊர்ப் பேச்சில் திருப்பிச் சொல்லவைத்து, அப்புறம் புத்தகத்தைத் திறக்கச் சொல்வதாக ஏற்றுக்கொண்டிருக்கிறார். என் வகுப்புக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு, வருடத் தேர்வு மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே அந்தப் பத்து நிமிடச் சோதனையை ஒவ்வொருவருக்காகச் செய்துகொண்டிருக்கிறேன்.